மூச்சுக் கணக்கு

1943 ஜனவரி. பாரிஸுக்குக் கிழக்கே மார்ன் நதி. எலும்புக்குள் இறங்கும் குளிர். ஊரெல்லாம் ஜெர்மன் ராணுவம். பெட்ரோல் கிடையாது. ரொட்டிக்கு ரேஷன். இந்த லட்சணத்தில் இரண்டு பேர் ஒரு காற்று சிலிண்டரையும் கொஞ்சம் ரப்பர் குழாயையும் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார்கள். ஒருவர் தண்ணீரில் இறங்கினார். இன்னொருவர் கரையில் நின்று குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குமிழி விட்டு விட்டு வரவேண்டும். உள்ளே இருப்பவர் மூச்சை விடும்போது ஒரு கொத்து, அப்புறம் அமைதி, மறுபடி ஒரு கொத்து. அப்படித்தான் திட்டம். ஆனால் தண்ணீருக்குள் அவர் நிமிர்ந்து நின்றால் போதும், குமிழிகள் நிற்காமல் கொப்பளித்துக்கொண்டு வந்தன. திறந்துவிட்ட குழாய் மாதிரி. காற்று வீணாகப் போய்க்கொண்டிருந்தது. தலைகீழாகக் கவிழ்ந்தாலோ நேரெதிர். இழுத்து இழுத்துப் பார்த்தாலும் காற்று வரமாட்டேன் என்றது. கிடைமட்டமாகப் படுத்து நீந்தும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்தது.

தண்ணீரில் இருந்தவர் ழாக் கூஸ்தோ. பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, வயது 32. கரையில் நின்றவர் எமீல் கான்யான். ஏர் லிகீட் என்கிற வாயு கம்பெனியில் எஞ்சினியர். இருவரும் சோர்ந்துபோய்த் திரும்பினார்கள். பாரிஸ் போய்ச் சேர்வதற்குள் பிரச்னை எது என்று பிடித்துவிட்டார்கள். ஆனால் அந்த விடையைச் சொல்வதற்கு முன்னால், கேள்வி எங்கிருந்து ஆரம்பித்தது என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் அன்று மார்ன் நதியில் கொப்பளித்து வீணான காற்றுக்குப் பின்னால் இருநூற்றைம்பது வருஷ ஊதாரித்தனம் இருந்தது.

எட்மண்ட் ஹாலியை உங்களுக்குத் தெரியும். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்தவர். வானத்தைப் பார்த்த நேரம் போக, மனிதர் கடலடியையும் பார்த்திருக்கிறார். 1690-களில் ஒரு பெரிய மணியைக் கவிழ்த்த மாதிரி மரத்தால் கூண்டு செய்து, ஈயத் தகடு போர்த்தி, நீருக்குள் இறக்கினார். டம்ளரைக் கவிழ்த்துத் தண்ணீரில் அமுக்கினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும் அல்லவா? அதேதான். ஆனால் மாட்டிய காற்று எவ்வளவு நேரத்துக்கு வரும்? ஹாலி கணக்குப் போட்டார். ஒரு காலன் காற்றைத் திரும்பத் திரும்பச் சுவாசித்தால், ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே அது உதவாமல் போய்விடுகிறது. மனிதனின் மூச்சுக்கு முதன்முதலில் விலைச்சீட்டு ஒட்டியவர்களில் ஹாலியும் ஒருவர்.

வழி? 36 காலன் பிடிக்கும் பீப்பாய்களில் காற்றை அடைத்து, எடை கட்டி, ஒன்று மாற்றி ஒன்றாகக் கீழே அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். கூண்டின் உச்சியில் ஒரு திருகு. கெட்டுப்போன சூடான காற்றை அது வழியாக வெளியே விட்டுவிடுவார்கள். இப்படி ஹாலியையும் சேர்த்து 5 பேர், சுமார் 60 அடி ஆழத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். காது வலித்ததாம். மற்றபடி சௌக்கியம்.

அடுத்து வந்தது தாமிரத் தலைக்கவசம். 1830-களில் லண்டனில் அகஸ்டஸ் சீபே செய்த முழு உடுப்பு அடுத்த நூறு வருஷம் உலகத் துறைமுகங்களை ஆண்டது. மேலே கப்பலில் ஆட்கள் சக்கரம் சுற்றிப் பம்ப் அடிப்பார்கள். காற்று குழாய் வழியாகக் கவசத்துக்குள் கொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே இருப்பவர் மூச்சை இழுத்தாலும் சரி, விட்டாலும் சரி, சும்மா நின்றாலும் சரி, வருகிற காற்று வந்தபடியே இருக்கும். மிச்சம் வெளியே போகும். மேலே கூலிக்கு ஆள் இருக்கிறான், காற்றுக்கு விலை கிடையாது. யார் கவலைப்படுவது?

கவலைப்பட வேண்டியிருந்தது முதுகில் காற்றைச் சுமக்க விரும்பியவர்கள்தான். கையில் இருப்பது ஒரு சிலிண்டர். அது தீர்ந்தால் கதை தீர்ந்தது.

இதற்கு விடை 1860-லேயே கிடைத்துவிட்டது என்பதுதான் ஆச்சரியம். கண்டுபிடித்தவர் கடலுக்குச் சம்பந்தமே இல்லாதவர். பெனுவா ரூக்கெரோல், பிரான்சில் நிலக்கரிச் சுரங்க எஞ்சினியர். புகையும் விஷவாயுவும் நிறைந்த சுரங்கத்துக்குள் மீட்புக்குப் போகிறவர்களுக்காக அவர் ஒரு கருவி செய்தார். உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. நீங்கள் மூச்சை இழுத்தால் சவ்வு உள்வாங்கும், வால்வு திறக்கும், காற்று வரும். இழுப்பதை நிறுத்தினால் வால்வு மூடிக்கொள்ளும். கேட்டால் கொடு, கேட்காவிட்டால் கொடுக்காதே. ஒகுஸ்த் தெனரூஸ் என்கிற கடற்படை அதிகாரி 1864-ல் அவரோடு சேர்ந்துகொண்டு அதைக் கடலுக்குக் கொண்டுவந்தார்.

அந்தக் கருவிக்குக் கிடைத்த விளம்பரம் சாதாரணமானதல்ல. ஜூல்ஸ் வெர்ன் தன்னுடைய கடலடி நாவலில் கேப்டன் நேமோவுக்கு அதையே மாட்டிவிட்டார், இரண்டு பேரின் பெயரையும் சொல்லி! நம்ம ஊர்க் கடலும் அந்த நாவலில் வருகிறது. நேமோவும் கூட்டாளிகளும் இந்தக் கருவியோடு மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் நடக்கிறார்கள். அங்கே ஓர் ஏழை இந்தியர் முத்துக் குளித்துக்கொண்டிருக்கிறார். ஒரே ஒரு மூச்சு, காலில் ஒரு கல், அவ்வளவுதான் அவரிடம் உள்ள கருவி. சுறா பாய்கிறது. நேமோ காப்பாற்றுகிறார்.

ஆனால் வெர்ன் ஒரு விஷயத்தில் கயிறு திரித்துவிட்டார். 50 மடங்கு அழுத்தத்தில் அடைத்த காற்றை வைத்துக்கொண்டு 9, 10 மணி நேரம் கடலடியில் உலாத்தலாம் என்று எழுதினார். நான் படித்தது பி.காம். விஞ்ஞானம் எனக்குக் கொஞ்சம் தூரம். ஆனாலும் இந்தக் கணக்கு உதைப்பது புரிகிறது. இன்றைய 12 லிட்டர் சிலிண்டர் அளவுக்கு வைத்துக்கொண்டாலும், 50 மடங்கு என்றால் 600 லிட்டர் காற்று. நிதானமாக நீந்துகிறவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பார். கரையில் உட்கார்ந்து சுவாசித்தாலே அரை மணியில் காலி. நிஜத்தில் அன்றைய இரும்பு அவ்வளவு அழுத்தத்தைத் தாங்குவதே பெரும்பாடு. எனவே ரூக்கெரோல் கருவியை மாட்டியவர்களும் பெரும்பாலும் கப்பலிலிருந்து வரும் குழாயோடுதான் இறங்கினார்கள். குழாய் இருந்தால் சிக்கனம் எதற்கு? அருமையான அந்த வால்வை உலகம் கிட்டத்தட்ட மறந்தேபோனது.

அதற்கு நல்ல சாட்சி ஈவ் லெ ப்ரியர். இவரும் பிரெஞ்சுக் கடற்படைக்காரர். 1926-ல் முதுகில் சிலிண்டர், கையில் ஒரு திருகு என்று எளிமையாக ஒரு கருவி கொண்டுவந்தார். திருகைத் திறந்தால் காற்று வரும், மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். மூச்சை வெளியே விடும் நேரத்திலும் காற்று ஓடிக்கொண்டிருக்கும். குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு ஊர்க்கதை பேசப் போனது போல. கூஸ்தோ இதை மாட்டிப் பார்த்திருக்கிறார். கீழே போன கொஞ்ச நேரத்தில் மேலே வரவேண்டியிருந்தது. அப்புறம் சுத்த ஆக்ஸிஜனைத் திரும்பத் திரும்பச் சுழற்றும் கருவியை முயன்றார். அதில் ஒரு குமிழிகூட வீணாகாது. ஆனால் ஆழத்தில் சுத்த ஆக்ஸிஜன் விஷம். இரண்டு முறை வலிப்பு வந்து சாகக் கிடந்தார். இனி காற்றுதான், அதுவும் கேட்டால் மட்டும் வரும் காற்று என்று முடிவு செய்தார்.

1942 டிசம்பர். கூஸ்தோவின் மாமனார் ஏர் லிகீடில் பெரிய பதவியில் இருந்தார். அவர் மூலமாகத்தான் கான்யான் அறிமுகம். போர்க்காலத்தில் பெட்ரோல் இல்லாததால் சமையல் வாயுவில் கார் ஓட்டுவதற்கு கான்யான் ஒரு வால்வு செய்துகொண்டிருந்தார். எஞ்சின் எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவு வாயு. கூஸ்தோ தனக்கு என்ன வேண்டும் என்று விவரித்ததும், மனிதர் ஒரு சின்ன பேக்லைட் டப்பாவை எடுத்து நீட்டினாராம். சுரங்கத்தில் பிறந்து காணாமல் போன யோசனை, எண்பது வருஷம் கழித்து மோட்டார் கார் வழியாகத் திரும்பி வந்தது.

சரி, மார்ன் நதிக்கு வருவோம். என்ன பிரச்னை? காற்று உள்ளே வரும் வாசல் முதுகில் இருந்தது. மூச்சுக்காற்று வெளியே போகும் வாசல் அதற்கு மேலே, சுமார் 15 சென்டிமீட்டர் உயரத்தில். தண்ணீருக்குள் மேலே அழுத்தம் குறைவு, கீழே அதிகம். நிமிர்ந்து நின்றால் வெளிவாசலில் அழுத்தம் குறைந்து காற்று தானாக ஓடிவிடுகிறது. கவிழ்ந்தால் அழுத்தம் கூடி அடைத்துக்கொள்கிறது. ஒரு சாண்கூட இல்லாத அந்த உயர வித்தியாசம் சிலிண்டரையே காலி செய்துவிடும். இரண்டு வாசலையும் ஒரே மட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தார்கள். அவ்வளவுதான். எப்படிப் புரண்டாலும் கருவி ஒழுங்காக வேலை செய்தது.

அந்த வருஷம் ஜூன் மாதம் பிரான்சின் தெற்குக் கரையில் முதல் முழுப் பரீட்சை. மனைவி சிமோன் நீரின் மேலே மிதந்தபடி பார்த்துக்கொண்டிருக்க, நண்பர் ஃப்ரெடரிக் துமா ஆபத்தென்றால் பாய்வதற்குக் கரையில் தயாராக இருக்க, கூஸ்தோ இறங்கினார். கரணம் அடித்தார். ஒரு விரலில் தலைகீழாக நின்று பார்த்தார். போதாக்குறைக்கு ஒரு குகையிலிருந்து சிங்கி இறால்களைப் பிடித்து மனைவியிடம் கொடுத்து அனுப்பினார். போர்க்காலப் பஞ்சத்தில் இறால்! கண்டுபிடிப்பைக் குடும்பம் எதிர்த்திருக்க வாய்ப்பில்லை.

இதோடு பிரச்னை முடிந்ததா? பாதிதான். இயந்திரம் வீணாக்குவதை நிறுத்திவிட்டது. இனிமேல் வீணாவதெல்லாம் மாட்டியிருப்பவர் பொறுப்பு.

கணக்கைப் பாருங்கள். இன்று பரவலாகப் புழங்கும் 12 லிட்டர் சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைப்பார்கள். மொத்தம் 2,400 லிட்டர். அதில் 50 பார், அதாவது 600 லிட்டரை ஆபத்துக் கையிருப்பாக ஒதுக்கிவிட வேண்டும். செலவுக்கு 1,800. நிமிடத்துக்கு 20 லிட்டர் என்றால் 90 நிமிடம். ஆனால் இது நீர்மட்டத்தில். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மூச்சிலும் இரண்டு மடங்கு காற்று நெரிந்து உள்ளே போகும். 45 நிமிடம். 30 மீட்டரில் நான்கு மடங்கு, 22 நிமிடம். அங்கே பயந்துபோய் வேகமாக மூச்சு வாங்கி 40 லிட்டர் இழுத்தால் 11 நிமிடம். கீழே இறங்க, மேலே ஏற ஆகும் நேரமும் இதற்குள்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆழத்தில் உடம்புக்கு ஆக்ஸிஜன் அதிகம் தேவைப்படுவதே இல்லை! மேலே என்ன தேவையோ அதேதான் கீழேயும். மேலே 100 லிட்டர் காற்றை இழுத்தால் உடம்பு அதிலிருந்து எடுத்துக்கொள்வது சுமார் 4 லிட்டர் ஆக்ஸிஜன். 30 மீட்டரில் ஒரு லிட்டர். நூறு ரூபாயோடு கடைக்குப் போய் ஒரு ரூபாய்க்குச் சாமான் வாங்கி, பாக்கி 99-ஐத் தண்ணீரில் விட்டுவிட்டு வருவதற்குச் சமம். பின்னே எதற்கு இவ்வளவு மூச்சு?

பதில் சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். மூச்சை ஆட்டிவைப்பது முக்கியமாகக் கரியமில வாயு என்று 1905-ல் சக ஆராய்ச்சியாளர் பிரீஸ்ட்லியோடு சேர்ந்து காட்டியவர். அதைக் கழுவி வெளியேற்றுவதற்காகத்தான் நெஞ்சு ஏறி இறங்குகிறது. கழுவுவதற்கு வேண்டியது காற்றின் கன அளவு. மேலே 20 லிட்டர் என்றால் கீழேயும் 20 லிட்டர். ஆனால் கீழே உள்ள 20 லிட்டர் நெரித்து அடைத்த சரக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். பிரிட்டிஷ் கடற்படை இதே ஹால்டேனிடம்தான் தன் முக்குளிப்பவர்கள் ஆழத்தில் ஏன் மூச்சு முட்டிக் களைத்துப் போகிறார்கள் என்று கேட்டது. பம்ப்கள் ஒழுகின, ஆழத்துக்கு ஏற்ற காற்று போய்ச் சேரவில்லை, கவசத்துக்குள் கரியமில வாயு தேங்கியது என்று கண்டுபிடித்தார். எவ்வளவு ஆழமானாலும் அந்த ஆழத்து அழுத்தத்தில் அளந்து நிமிடத்துக்கு ஒன்றரை கன அடி, சுமார் 42 லிட்டர் கொடுங்கள் என்றார். 1906-ல் டாமன்ட், காட்டோ என்ற இரண்டு கடற்படைக்காரர்கள் ஸ்காட்லாந்தில் 210 அடிக்கு இறங்கிப் பத்திரமாகத் திரும்பினார்கள்.

ஆகவே காற்றை மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் கரியமில வாயுவைக் குறைவாக உண்டாக்க வேண்டும். அதாவது, வேலை குறைவாகச் செய்யவேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்களுக்கு இது ஹால்டேனுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரியும். ஐந்து முதல் பத்து பாகம் ஆழம். ஒரு நிமிடம், மிஞ்சிப்போனால் கொஞ்சம் கூட. நீந்தி இறங்கமாட்டார்கள். கல்லில் கால் வைத்தால் கல் இறக்கிவிடும். நீந்தி ஏறவும் மாட்டார்கள். கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் படகில் நிற்பவர் இழுத்துக்கொள்வார். கையிருப்பில் உள்ள ஒரே ஒரு மூச்சும் சிப்பி பொறுக்கும் வேலைக்கு மட்டும். போக்குவரத்துச் செலவு முழுக்க அடுத்தவர் கணக்கில்! தூத்துக்குடியில் 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. அந்தச் சிக்கனப் பாடத்தைத்தான் சிலிண்டர் கட்டியவர்கள் மெதுவாக, சில சமயம் உயிரைக் கொடுத்து, மறுபடி படித்தார்கள்.

ஆரம்பகால சிலிண்டர்கள் பலவற்றில் அழுத்தமானியே கிடையாது. எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. மூச்சு இழுக்கக் கஷ்டமாகும்போது முதுகுப் பக்கம் தொங்கும் கம்பியை இழுத்தால் ரிசர்வ் காற்று திறக்கும். அந்தக் காலத்து பைக்கில் பெட்ரோலை ரிசர்வுக்குத் திருப்பின மாதிரி. தண்ணீருக்குள் எதிலாவது உரசிக் கம்பி முன்பே இறங்கியிருந்தால்? ரிசர்வும் சேர்ந்தே தீர்ந்திருக்கும். இழுக்கிற நேரத்தில்தான் அது தெரியவரும். கண்ணால் பார்த்துக்கொள்ளும் மானி பரவலான பிறகுதான் மனிதன் தன் மூச்சைக் கணக்கு எழுத ஆரம்பித்தான்.

கணக்கும் சுலபம். 10 மீட்டரில் 10 நிமிடம் நீந்தினீர்கள். மானி 200-லிருந்து 160-க்கு வந்தது. 40 பார் செலவு. 12 லிட்டரால் பெருக்கினால் 480. பத்து நிமிடத்துக்கு வகுத்தால் 48. ஆழத்தின் அழுத்தம் இரண்டு மடங்கு, அதனால் வகுத்தல் 2. நிமிடத்துக்கு 24 லிட்டர். இதுதான் உங்கள் நம்பர். புதியவர்களுக்கு 25-க்கு மேலேகூடப் போகும். பழகியவர்கள் 12, 15 என்று வந்து நிற்பார்கள். பெண்களின் நம்பர் பெரும்பாலும் ஆண்களைவிடக் குறைவு. சிறிய உடம்பு, சிறிய செலவு. சேர்ந்து போகும் கணவன்மார்கள் போட்டி போடாமல் இருப்பது நல்லது.

நம்பரைக் குறைப்பதற்கு ஆட்கள் முதலில் செய்வது, தப்பான வேலை. மூச்சை அடக்குவது. இரண்டு மூச்சுக்கு நடுவே தம் பிடித்தால் மிச்சம் என்று தோன்றும். ம்ஹும். கரியமில வாயு உள்ளே சேரும், தலை வலிக்கும், கடைசியில் உடம்பு வட்டியோடு சேர்த்து வாங்கிவிடும். அதைவிட மோசம், தம் பிடித்தபடி மேலே ஏறுவது. 10 மீட்டரில் நுரையீரலை நிரப்பிய காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காகும். நுரையீரல் கிழியும். நீச்சல் குளத்து ஆழத்திலேயே இது நடந்திருக்கிறது.

சரியான வழி மெதுவான, ஆழமான, நிற்காத மூச்சு. காரணம் வணிகக் காரணம். வாயிலிருந்து நுரையீரலின் அடிவரைக்கும் உள்ள குழாய்களில் சுமார் 150 மில்லி காற்று சும்மா போய் வருகிறது. எந்த உபயோகமும் இல்லாத நிலையான செலவு. அரை லிட்டர் வீதம் 20 தரம் குட்டிக் குட்டியாக மூச்சு விட்டால் 10 லிட்டரில் 3 லிட்டர் தண்டம். அதே 10 லிட்டரை 8 தரமாக இழுத்தால் தண்டம் 1.2 லிட்டர்தான்.

மூச்சைவிடப் பெரிய சேமிப்பு, உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்தில். தண்ணீரில் வேகத்தை இரண்டு மடங்காக்கினால் எதிர்ப்பு நான்கு மடங்காகும், உழைப்பு எட்டு மடங்காகும். வேகமாகக் கால் அடிப்பவர் காற்றைக் காசாக இறைக்கிறார். இடுப்பில் தேவைக்கு மேல் ஈயம் கட்டியவரும் அப்படித்தான். மூழ்காமல் இருக்க மேலாடையில் காற்று ஊதுவார், ஊதிய மேலாடை இழுக்கும், கால் தொங்கும், சாய்ந்த உடம்பைத் தள்ள இன்னும் உதைப்பார். ஈயத்தில் 2 கிலோ குறைத்தாலே பலருக்கு மானி நிதானமாக இறங்குகிறது. குளிரில் நடுங்கினாலும் செலவு. பயந்தால் எல்லாவற்றையும்விட அதிகச் செலவு.

பொழுதுபோக்குக்குப் போகிறவர்களுக்குக் காற்று குறைந்தால் மேலே வந்துவிடலாம். குகைக்குள் போகிறவர்களுக்கு மேலே பாறை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நீரடிக் குகைகள் அதிகம். அங்கே பலர் செத்தார்கள். ஷெக் எக்ஸ்லி என்கிற குகை முக்குளிப்பாளர் அந்தச் சாவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து 1979-ல் ஒரு சின்னப் புத்தகம் எழுதினார். வழிகாட்டிக் கயிறு இல்லாமல் போனது, அளவுக்கு மீறி ஆழம் போனது, திரும்பி வருவதற்குக் காற்று வைத்துக்கொள்ளாதது. திரும்பத் திரும்ப இவைதான் காரணம். காற்றுக்கு அவர் வலியுறுத்திய விதி, மூன்று பங்கு. ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு. மூன்றாவதைத் தொடக்கூடாது. அது கூட வருகிறவருடையது. குகையின் கடைக்கோடியில் அவருடைய சிலிண்டர் பழுதானால் இருவரும் ஒரே சிலிண்டரில் வெளியே வரவேண்டும்.

எக்ஸ்லி 1994-ல் மெக்ஸிகோவில் சகாட்டோன் என்னும் நீர்க்கிணற்றில், முந்நூறு மீட்டரைத் தாண்டும் முயற்சியில் இறந்தார். விதி இன்றும் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. மூன்றாவது பங்கு போதுமென்றால், கூட வருகிறவரும் உங்கள் அளவுக்கே சுவாசிக்க வேண்டும். கும்மிருட்டுக் குகையில், காற்று போய்விட்டது என்று தெரிந்த மனிதர் நிமிடத்துக்கு 20 லிட்டரில் நிற்பாரா? 40 இழுப்பார். குகைக்காரர்கள் பலர் அதனால்தான், மூன்றில் ஒரு பங்கு தீர்வதற்கு முன்பாகவே திரும்பிவிடுகிறார்கள்.